சித்திரையில் நீலம் கேட்டவர்

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி. சித்திரை வெயில். நீ சித்தூரிலிருந்து வந்திருக்கும் வியாபாரி. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "நீலம் பாக்கறீங்களா? நல்ல சரக்கு வந்திருக்கு."

அதற்குக் கீழே மூன்று பதில்கள். "ரெண்டு கூடை எடுத்து வையுங்க." "சித்திரையில ஏதுங்க நீலம்?" "பெங்களூரா மாங்காய் என்ன விலை போகுது?" ஏதாவது ஒன்றைத் தொட்டால் கதை நகரும்.

இது நான் ஓய்வு நேரத்தில் எழுதிய உளவுக் கதை விளையாட்டு. படம் கிடையாது, இசை கிடையாது, துப்பாக்கிச் சத்தம் கிடையாது. எழுத்து மட்டும்தான். சென்னையிலிருக்கும் நண்பருக்கு அனுப்பினேன். அவர் யோசிக்காமல் ரெண்டு கூடை கேட்டுவிட்டார். தர்மபுரியில் ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகன் அந்தக் கேள்வியைப் பார்த்ததுமே சிரித்தான். நீலம் சீசன் முடியும் நேரத்தில் வருகிற காய். சித்திரையில் அதற்கு ஆர்டர் கொடுப்பவர் வேறு என்னவாக இருந்தாலும் மாங்காய் வியாபாரியாக இருக்க முடியாது.

நண்பர் தவறான பதிலைத் தொட்டதும் திரையில் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. மண்டிக்காரர் தலையை ஆட்டினார், கதை அடுத்த இடத்துக்குப் போனது. ஆனால் உள்ளே 'சந்தேகம்' என்று பெயர் வைத்திருந்த ஓர் எண் 1-லிருந்து 3 ஆகிவிட்டது. நாலு காட்சி தள்ளி, சுங்கச்சாவடியில் ஒரு போலீஸ்காரர் அவர் வண்டியை மட்டும் ஓரங்கட்டச் சொன்னார். நண்பர் எனக்கு போன் போட்டு, "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். குரலில் உண்மையான பதற்றம் இருந்தது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்த மனிதருக்கு எதற்கு இந்தப் பதற்றம்? அது எப்படி உண்டாகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

மண்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே சத்தம் போடுபவர்களைவிட முக்கியமானவர் மூலையில் உட்கார்ந்து சிட்டை எழுதும் கணக்குப்பிள்ளை. யார் எத்தனை கூடை எடுத்தார்கள், யார் பாக்கி வைத்தார்கள், எல்லாம் அவரிடம் இருக்கும். வாய் திறக்க மாட்டார். மாலையில் கணக்குப் பார்க்கும்போதுதான் காலையில் நாம் செய்தது நம் முன்னால் வந்து நிற்கும். எழுத்து விளையாட்டுக்குள் இருக்கும் நிரலும் இந்த வேலையைத்தான் செய்கிறது. கணினிப் பாடத்தில் 'மாறி' என்று சொல்வார்களே, அதுதான் சிட்டையின் ஒவ்வொரு வரியும். சந்தேகம் = 3. சாவி_கையில் = ஆம். டீக்கடைக்காரர்_நம்புகிறார் = இல்லை. ஒவ்வொரு காட்சியும் திறக்கும்போது நிரல் இந்த வரிகளைப் பார்த்துவிட்டு எந்தப் பத்தியைக் காட்டலாம், எந்தப் பதிலை மறைக்கலாம் என்று முடிவு செய்கிறது. 'சந்தேகம் 2-ஐத் தாண்டினால் போலீஸ்காரர் கை காட்டுவார்.' அவ்வளவுதான் ரகசியம்.

"ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனிக் கதை எழுத வேண்டாமா?" என்று பலரும் கேட்பார்கள். அப்படி எழுதினால் ஆயுசு போதாது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டே வழி என்று வைத்துக்கொண்டாலும் பத்துத் திருப்பங்களில் 1,024 முடிவுகள் வந்துவிடும். இருபது திருப்பம் என்றால் 10,48,576. முடிவுக்கு நூறு சொல் என்றாலும் பத்துக் கோடிச் சொற்களுக்கு மேல் எழுத வேண்டும். அதனால் இதை எழுதுகிறவர்கள் கிளைகளைப் பிரித்துவிட்டுத் திரும்பவும் ஓரிடத்தில் சேர்த்துவிடுவார்கள். பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக வருகிற சாலை கிருஷ்ணகிரியில் பிரிந்து ஒன்று சென்னைக்கும் ஒன்று சேலத்துக்கும் போகிறது இல்லையா? விளையாட்டில் இதற்கு நேர்மாறு: நாலு திசையிலிருந்து வந்தாலும் எல்லோரும் சுங்கச்சாவடியைக் கடந்தே ஆக வேண்டும். காட்சி ஒன்றுதான். ஆனால் அங்கே வந்து சேர்கிறவர்களின் சிட்டை வேறு வேறு. ஒருவருக்குக் கதவு தானாகத் திறக்கும், இன்னொருவருக்கு டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்.

பன்னிரண்டு 'ஆம்/இல்லை' வரிகள் போதும், 4,096 விதமான ஆட்கள் அந்தச் சாவடிக்கு வரலாம். இதில் எழுதுகிறவருக்கும் தொல்லை உண்டு. என் முதல் பிரதியில் பாலக்கோட்டில் பஸ் ஏறிப் போய்விட்ட தகவலாளி, காவேரிப்பட்டணத்தில் ஒன்றும் நடக்காததுபோல் டீ குடித்துக்கொண்டிருந்தார். 'போய்விட்டார்' என்று சிட்டையில் ஒரு வரி எழுத மறந்திருந்தேன். அக்கா மகன் அதை இரட்டையர் சதி என்று நினைத்து அரை மணி நேரம் துப்புத் துலக்கினான். பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிட்டை எழுதும் வேலைக்குத் திருவள்ளுவரும் ஓர் உத்தி கொடுத்திருக்கிறார். ஒற்றாடல் அதிகாரத்தில், ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும், அப்படிப்பட்ட மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார். அதை அப்படியே நிரலாக்கினேன். மூன்று பேர் தனித்தனியாக ஒரே தகவலைச் சொன்னால்தான் 'உண்மை_தெரியும்' என்ற வரி 'ஆம்' ஆகும். அதில் இருவருக்கு முன்பே பழக்கம் இருந்தால் கணக்கில் ஒருவர்தான்.

இந்த வகை விளையாட்டுகளுக்கு அரை நூற்றாண்டு வயது ஆகிறது. 1970களின் நடுவில் அமெரிக்காவில் வில் க்ரௌதர் என்ற நிரலாளர், தான் ஏறி இறங்கிய கென்டக்கி குகைகளை வைத்து ஒரு விளையாட்டு எழுதினார். 1977இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். அதில் தொடுவதற்குப் பதில்கள் கிடையாது. 'விளக்கை எடு' என்பதுபோல ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். தட்டியதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு பார்சர் என்று பெயர். புரிந்துகொள்வது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் சொல் வினை, அடுத்தது பொருள், இரண்டும் தன் அகராதியில் இருக்கிறதா என்று பார்க்கும். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியைக் கண்டுகொள்ளாது.

இதே உத்தியைத் தமிழில் வைத்துப் பார்த்தேன், கவிழ்ந்தது. நமக்கு 'பெட்டி' மூன்று எழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூனிகோடு முறையில் புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனிக் குறியீடு என்பதால், கணினிக்கு அது ஆறு குறியீடு. ஐந்தில் வெட்டினால் 'பெட்ட' என்று நிற்கும். அதைக்கூடச் சமாளிக்கலாம். பெரிய சிக்கல் வேறு. பெட்டியை, பெட்டியில், பெட்டியிலிருந்து: மூன்றுக்கும் தலை ஒன்று, சேதி முழுக்க வாலில் இருக்கிறது. 'கடிதத்தைப் பெட்டியில் வை' என்றாலும் 'பெட்டியில் கடிதத்தை வை' என்றாலும் நமக்கு ஒன்றுதான், சொல்லின் இடத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஆகவே தமிழ் பார்சர் வினையைக் கடைசியில் தேட வேண்டும், வேற்றுமை உருபைப் பிரிக்க வேண்டும், நடுவில் வந்து உட்காரும் 'ப்'பையும் 'க்'கையும் கழற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் தூங்கிக் கழித்த புணர்ச்சி இலக்கணம் அப்படிப் பழிவாங்கியது. கடைசியில் பார்சரைக் கைவிட்டு, ட்வைன் என்ற இலவசக் கருவியில் தொட்டு விளையாடும் முறைக்கு மாறினேன்.

உளவுக் கதைக்கென்றே பார்சரை வளைத்தவர்கள் இருக்கிறார்கள். இன்ஃபோகாம் நிறுவனம் 1987இல் 'பார்டர் ஸோன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. மார்க் பிளாங்க் எழுதியது. பனிப்போர்க் காலம், ஒரே சம்பவம், மூன்று பேர் கண்ணில்: ரயிலில் போகும் வியாபாரி, எல்லை தாண்டத் தவிக்கும் உளவாளி, எதிர்த்தரப்பு ஒற்றர். நாம் ஒன்றும் தட்டாமல் சும்மா இருந்தாலும் அதில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காவலர் நெருங்கிக்கொண்டே இருப்பார். யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் செலவுதான் என்று ஆனதும், வெறும் எழுத்தைப் பார்த்தே உள்ளங்கை வியர்க்கும்.

எனக்கு இன்னும் பிடித்தது ஆண்ட்ரூ ப்ளாட்கின் 1998இல் வெளியிட்ட 'ஸ்பைடர் அண்ட் வெப்'. அதில் நீங்கள் ஏற்கெனவே பிடிபட்டுவிட்ட உளவாளி. விசாரிப்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நடந்ததை நீங்கள் சொல்வதுதான் விளையாட்டு. அவருக்குத் தெரிந்த உண்மையோடு ஒத்துப்போகாத எதையாவது செய்தால், அப்படி நடக்கவில்லை என்று இடைமறித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார். முதலில் இது தோற்றவர்களைத் திரும்ப ஆடவைக்கும் சாதாரண ஏற்பாடு என்று தோன்றும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும்: அவருக்குத் தெரிந்ததோடு நம் பேச்சு ஒத்துப்போனால் போதும், அவருக்குத் தெரியாததை நாம் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. இதற்கு மேல் சொன்னால் விளையாடப் போகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

படத்தால் செய்ய முடியாத வேலை இது. கேமரா ஓர் அறையைக் காட்டினால் அதிலுள்ள நாற்காலியையும் காட்டித்தான் தீர வேண்டும். எழுத்து, சொன்னதை மட்டும் காட்டும். தமிழுக்கு இதில் கூடுதல் வசதி. என் கதையில் ஓசூர் பேருந்து நிலையத்தில் 'ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்' என்று வரும். பிறகும் 'அவர் எழுந்தார்', 'அவர் திரும்பிப் பார்த்தார்'தான். அக்கா மகன் கதை முழுக்க மீசைக்காரர்களையே சந்தேகப்பட்டான். அந்த 'அவர்' ஓர் அம்மாள் என்பது கடைசியில் தெரிந்ததும், "ஏமாத்திட்டீங்க மாமா" என்றான். எங்கே ஏமாற்றினேன், எழுதினதைத் திரும்பப் படி என்றேன். படித்துப் பார்த்தவன் அப்புறம் பேசவில்லை.

ஓசூரை வேண்டுமென்றே வைத்தேன். கர்நாடகமும் ஆந்திரமும் கை நீட்டினால் தொடுகிற மாவட்டம். கடைக்காரர் எந்த மொழியில் ஆரம்பிப்பார் என்று சொல்ல முடியாது, நாம் எந்த மொழியில் பதில் சொல்கிறோம் என்பதே ஓர் அடையாள அட்டை. சித்தூர் வியாபாரி வேடத்திலிருப்பவர் தெலுங்குக் கேள்விக்குத் தமிழில் பதில் சொன்னால் சிட்டையில் ஒரு கோடு. 'வா', 'வாங்க' இரண்டுக்கும் தனிக் கணக்கு. எடுபிடியாக நடிக்கும் அதிகாரியைத் தன்னையறியாமல் இன்னொருவர் 'வாங்க' என்று கூப்பிடுவதுதான் கதையில் மிக முக்கியமான துப்பு. பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆர்வம் எப்படிப் பிறக்கிறது என்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் ஒரு விளக்கம் கொடுத்தார். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் நமக்கு ஆர்வம் வராது. கொஞ்சம் தெரிந்து, மீதி தெரியவில்லை என்பது நமக்கே உறைக்கும்போது அந்த இடைவெளி அரிக்க ஆரம்பிக்கும். உளவுக் கதை அந்த இடைவெளியிலேயே குடித்தனம் நடத்துகிறது. திகில் படத்திலும் இது உண்டு, ஆனால் அங்கே மாட்டிக்கொள்பவர் நாயகன். இங்கே ரெண்டு கூடை நீலம் கேட்டது நாமே. பழி போட வேறு ஆள் இல்லை. என் நண்பரின் பதற்றத்துக்கு நான் கண்ட காரணம் இதுதான்.

இவ்வளவுக்கும் இடம் சொற்பம். இன்ஃபோகாமின் ஆரம்பகால விளையாட்டுகள் ஒவ்வொன்றும் 128 கேபிக்குள் அடங்கின; எழுத்துக்கு ஐந்து பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) வீதம் மூன்று மூன்று எழுத்தாகச் சுருட்டிக் கட்டினார்கள். காலையில் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்து விழும் ரோஜாப்பூ படம் சிலசமயம் அதைவிடப் பெரிது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் இருந்தால் பார்வையற்றவர்களும் இவற்றை ஆடலாம் என்பது இன்னொரு சௌகரியம்.

இப்போது செயற்கை நுண்ணறிவே கதை சொல்லும் விளையாட்டுகள் வந்துவிட்டன. எதைத் தட்டினாலும் பதில் வரும், பார்சர் தலைவலி இல்லை. சாகசக் கதைக்கு நன்றாகவே இருக்கின்றன. உளவுக் கதைக்கு மட்டும் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தனியாகச் சிட்டை எதுவும் வைக்காமல் போகிற போக்கில் கதையை உண்டாக்கினால், துரோகி யார் என்பது அதற்கே முன்கூட்டித் தெரியாது. நாம் யாரை அழுத்திச் சந்தேகப்படுகிறோமோ அவரையே துரோகியாக்கிக் கொடுத்துவிடும்.

அக்கா மகனுக்கும் இதே சந்தேகம் வந்தது. போன ஞாயிறு, நாலாவது முறையாக ஆடிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "மாமா, துரோகி யாருன்னு முன்னாடியே எழுதி வச்சிட்டீங்களா, இல்ல நான் போற வழியப் பாத்து மாத்துறீங்களா?"

முன்னாடியே எழுதியதுதான், ஏழாவது வரியில் இருக்கிறது, வேண்டுமானால் பார் என்று மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினேன். சட்டென்று உள்ளங்கையை விரித்துத் திரையை மறைத்துக்கொண்டான்.

"காட்டாதீங்க" என்றான்.