தலையீடும் இடையீடும்

சில நாள் முன்பு ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘நீதிமன்றத்தின் தலையீட்டால் அந்தக் குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது’ என்று ஒரு வரி. கொஞ்சம் தள்ளி, ‘அரசியல் தலையீட்டால் பயனாளிகள் பட்டியல் மாறிப்போனது’ என்று இன்னொரு வரி. ஆங்கில மூலத்தைப் புரட்டினால் முதலாவது இன்டர்வென்ஷன், இரண்டாவது இன்டர்ஃபியரன்ஸ். ஒன்று நன்றியோடு சொல்லப்பட்டது, மற்றது புகாராகச் சொல்லப்பட்டது. தமிழில் அந்த வேறுபாடு காணாமல் போயிருந்தது.

இன்டர் என்றால் இலத்தீனில் ‘இடையே’. வெனீரே என்றால் ‘வருதல்’. ஆக, இன்டர்வீன் என்பதன் வேரில் இருப்பது இடையில் வருவது மட்டும்தான். வந்தவர் நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பு அதில் இல்லை.

இன்டர்ஃபியர் அப்படியல்ல. பழைய பிரெஞ்சில் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைக் குறித்த சொல் அது. ஆங்கிலத்துக்கு வந்தபோது குதிரைக்காரர்களின் சொல்லாக இருந்தது. ஓடும் குதிரையின் ஒரு குளம்பு எதிர்க்காலின் உட்புறத்தில் இடித்து இடித்துப் புண்ணாக்கும். அதற்குப் பெயர்தான் இன்டர்ஃபியர். லாடம் அடிப்பவர்கள் இன்றைக்கும் அதே பொருளில் சொல்கிறார்கள். தன் காலே தன் காலைக் காயப்படுத்தும் அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டால், இந்தச் சொல்லில் ஏன் எப்போதும் ஒரு உரசல் இருக்கிறது என்பது புரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்பியலாளர் தாமஸ் யங் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்வதற்கு இதே சொல்லை எடுத்துக்கொண்டார். நம் இயற்பியல் பாடநூல் அதைக் ‘குறுக்கீட்டு விளைவு’ என்கிறது. நல்ல சொல்.

ஆங்கிலத்திலும் இந்த வரம்பு எங்கும் கறாராக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1945ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனம், நாடுகளின் உள்விவகாரங்களில் ஐ.நா. நுழையக் கூடாது என்று சொல்லும் இடத்தில் இன்டர்வீன் என்றே எழுதுகிறது. 1954இல் இந்தியாவும் சீனாவும் ஒப்புக்கொண்ட பஞ்சசீலம் என்ற ஐந்து கொள்கைகளில் இருப்பது இன்டர்ஃபியரன்ஸ். சட்டக்காரர்கள் எழுதும்போது இரண்டும் நெருங்கிவிடுகின்றன. அன்றாடப் பேச்சில்தான் விலகி நிற்கின்றன.

இவற்றுக்கு அக்கம்பக்கத்துச் சொற்களில் இன்டரப்ட் எளிது. உடைத்தல் என்ற வேர். ஓடிக்கொண்டிருப்பது நடுவில் முறிகிறது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று பிள்ளையிடம் சொல்கிறோமே, அந்தக் ‘குறுக்கே பேசுதல்’ இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மின்சாரம் குறுக்கே பேசாது. அங்கே தடை, தடங்கல். தூர்தர்ஷன் திரையில் படம் நின்றதும் வருமே, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று! அந்த அட்டையை எழுதியவர் யாரோ, அகராதியைப் பார்த்து எழுதியவர் இல்லை.

இன்டர்சீட் எனக்கு மிகவும் பிடித்த சொல். உரோமில் மக்கள் சார்பாளரான திரிபியூன், அதிகாரியின் ஆணையைத் தடுத்து நிறுத்தும் உரிமைக்கு இந்த வேரிலிருந்து வந்த பெயர்தான் இருந்தது. தடுப்பதற்காக நடுவில் போய் நின்றதைக் குறித்த சொல், பிறகு ஒருவருக்காக மன்றாடுவதைக் குறிக்கலாயிற்று. தமிழில் இதற்குப் பரிந்து பேசுதல். கத்தோலிக்கத் தேவாலயத்தில் ‘புனிதரின் பரிந்துரை’ என்றால் இதுதான். அலுவலகத்தில் பரிந்துரை வெறும் சிபாரிசாகிவிட்டது. பரிவு சொல்லுக்குள்ளேயே இருந்தும் யார் காதிலும் விழுவதில்லை.

மெடில் என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம், மூக்கை நுழைத்தல்.

சரி, தலையீட்டுக்கு வருவோம். சிலப்பதிகாரப் பதிகம் அந்நூலை ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்கிறது. பாட்டுகளுக்கு நடுவே உரை வருகிறது. அது வந்ததால் பாட்டுக்குக் கேடில்லை. நீதிமன்றத்திலும் வழக்கில் மூன்றாமவர் சேர்ந்துகொள்ளக் கொடுப்பதை ‘இடையீட்டு மனு’ என்றே சொல்கிறோம். ஆக, இன்டர்வீன் என்பதற்கு இடையிடு என்ற சொல் கையிலேயே இருக்கிறது. ‘நீங்க தலையிட்டாத்தான் இது முடியும்’ என்று கெஞ்சுகிறவர்களும் உண்டு, அந்தப் பேச்சு வழக்கை மாற்றச் சொல்லவில்லை. எழுத்தில், அதுவும் இரண்டும் அருகருகே வரும்போது, பிரித்துக் காட்டலாம்.

அந்தப் பத்தியில் முதல் வரியை ‘நீதிமன்றம் இடையிட்டதால்’ என்று மாற்றினேன். இரண்டாவதில் கை வைக்கவில்லை.