ஆன்டிபாடியை நிறுக்கும் எடைக்கல்

ஒரே ரத்த மாதிரியை இரண்டு லேபுக்கு அனுப்புங்கள். தடுப்பூசி ஆன்டிபாடி ஓரிடத்தில் 80 என்றும் இன்னோரிடத்தில் 600 என்றும் வரலாம். இரண்டுமே தப்பாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பரிசோதனைக் கிட்டும் தன் சொந்த எடைக்கல்லை வைத்து நிறுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒருவர் ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடிகள் பலவகை. கிருமியோடு ஒட்டும் வலுவும் வேறுவேறு. அதனால் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரம் ஒன்றையே பொது எடைக்கல்லாக வைத்துக்கொள்கிறோம். அதுதான் தரச்சீரம். 2020 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற முதல் கோவிட் தரச்சீரம் (அதன் எண் 20/136), குணமடைந்த 11 பேரின் பிளாஸ்மாவைக் கலந்து செய்தது. ஆம்பூல் என்னும் மூடிய கண்ணாடிக் குப்பிக்கு 250 சர்வதேச அலகு, 0.25 மி.லி. வாலைவடிநீரில் கரைத்தால் மி.லி.க்கு 1000.

பலரின் பிளாஸ்மாவைக் கலப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவருடைய ஆன்டிபாடி கிருமியின் ஏதோ ஒரு பகுதியையே குறிவைத்திருக்கலாம். கலக்குமுன் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை கட்டாயம். பிறகு வடிகட்டி, ஆம்பூலில் நிரப்பி, உறையவைத்து உலர்த்தி மூட வேண்டும். நிரப்பும் அளவு ஆம்பூலுக்கு ஆம்பூல் மாறினால் அலகும் அதோடு மாறிவிடும். மிச்ச ஈரப்பதம் 1 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். கூடினால் ஆன்டிபாடி மெல்லச் சிதையும்.

அடுத்து, பல லேப்கள் தத்தம் முறையில் அதை அளக்கும். ஒரே மாதிரியை இரண்டு வேறு குறியீட்டில் அனுப்புவது வழக்கம். தனக்குத்தானே ஒத்துப்போகாத லேபின் எண்ணை எப்படி நம்புவது?

பெரிய கோளாறு எலைசா தட்டில்தான், அதாவது குழிகளில் ஆன்டிபாடி ஒட்டுவதை நிற மாற்றத்தால் அளக்கும் தட்டில். தரச்சீரத்தையும் மாதிரியையும் 1/100-இல் தொடங்கி இரண்டிரண்டு மடங்காக எட்டுக் குழிகளில் நீர்க்கச் செய்து, கிடைக்கும் அளவுகளைக் கோடாக வரைகிறோம். இரண்டு கோடும் இணையாக ஓடினால் இடைவெளியே விடை. ஓடாவிட்டால், 1/200-இல் படித்தவருக்கு ஓர் எண், 1/1600-இல் படித்தவருக்கு வேறோர் எண். ஒட்டும் வலு குறைந்த ஆன்டிபாடியோ, சீரத்திலுள்ள பிற பொருட்களின் குறுக்கீடோ காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு நீர்ப்பில் படிக்கும் லேபுக்கு இது கண்ணிலேயே படாது. அப்படி வந்த எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு வைத்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சர்வதேச ஆம்பூல் அன்றாடச் செலவுக்கல்ல. லேபுக்கென ஒரு சீரக் கலவை செய்து, 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து, மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். வேறுவேறு நாளில், வேறுவேறு கையால், சர்வதேச ஆம்பூலோடு ஒப்பிட்டே அதற்கு மதிப்புக் கொடுங்கள். பலர் சறுக்குவது அடுத்த தொகுதி செய்யும்போது. மூன்றாவதை இரண்டாவதோடும் நான்காவதை மூன்றாவதோடும் மட்டும் ஒப்பிட்டால் சின்னச் சின்ன விலகல் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடும்.

ஆம்பூலை உடைக்குமுன் தட்டி, கழுத்தில் ஒட்டிய பொடியைக் கீழே இறக்குங்கள். பொடியில் கொஞ்சம் மட்டும் நிறுத்தெடுப்பது கூடாது. முழுவதையும் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைக்கும், பைப்பெட் ஏமாற்றும்.

ஒரு குழப்பம் இன்னும் ரிப்போர்ட்டுகளில் தென்படுகிறது. 20/136-க்கு வைரஸோடு ஒட்டும் திறனுக்கான அலகும் வைரஸை முடக்கும் திறனுக்கான அலகும் மி.லி.க்கு 1000 என்றே இருக்கின்றன. அது அந்தச் சீரத்துக்கு மட்டும் பொருந்தும். நோயாளிக்கு ஒட்டும் அலகு 300 வந்தால், முடக்கும் அலகும் 300 என்று எழுதிவிட முடியாது. ஒமைக்ரான் தலைகாட்டுமுன் எடுத்த பிளாஸ்மா அது என்பதால், பின்னால் வந்த திரிபுகளுக்கும் அதே எண்ணை நீட்டுவது இன்னும் பெரிய தப்பு.