சிஆர்பி நார்மல், ஆனாலும் அட்மிஷன் ஏன்?

"சிஆர்பி நார்மல்தானே டாக்டர், அப்புறம் எதுக்கு அட்மிஷன்?" மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்களின் வீட்டார் கேட்பது இது. நியாயமான கேள்விதான்; கிருமித் தொற்று வந்தால் பொதுவாக ரத்தத்தில் ஏறும் புரதம்தான் சிஆர்பி.

கிருமியைக் கண்டதும் நோய் எதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் என்ற சிறு புரதங்களை வெளியிடும்; செல்களுக்கு இடையே சேதி கொண்டுபோவது இவைதான். ஒரு சைட்டோகைனுக்குப் பொருந்தும் ஏற்பி, அதாவது சேதியை வாங்கும் பூட்டு, எந்தச் செல்லில் இருக்கிறதோ, அந்தச் செல்லுக்குத்தான் சேதி எட்டும். இன்டர்லூகின்-6 அப்படி ஒரு சைட்டோகைன். காய்ச்சலைக் கிளப்புவதில் அதற்குப் பங்கு உண்டு; கல்லீரலை சிஆர்பி தயாரிக்க வைப்பதும் அதுதான். முடக்குவாதத்தில் கிருமி இல்லாமலே இந்தச் சேதி ஓயாமல் போகிறது. மூட்டு வீங்குகிறது, காலையில் விரல் மடங்க மறுக்கிறது.

டோசிலிசுமாப் இன்டர்லூகின்-6இன் ஏற்பியை அடைத்துவிடும். வலி குறையும், கூடவே காய்ச்சலும் சிஆர்பியும் அடங்கிவிடும். நிமோனியாவே வந்தாலும் ரிப்போர்ட் சாதுவாக இருக்கலாம். அதனால் இவர்களிடம் நான் தாளைவிட இருமலையும் மூச்சிரைப்பையும்தான் நம்புகிறேன்.

டிஎன்எஃப் என்ற இன்னொரு சைட்டோகைன் விஷயம் நம் ஊருக்கு இன்னும் முக்கியம். நுரையீரலில் தூங்கும் டிபி கிருமியைச் சுற்றிச் செல்கள் அரண் கட்டி வைத்திருக்கும். அது கலையாமல் இருக்க டிஎன்எஃப் வேண்டும். டிஎன்எஃபைத் தடுக்கும், மூட்டு நோய்க்கும் போடப்படும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2001இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த ஊசிக்குப் பின் டிபி வந்த 70 பேரைப் பட்டியலிட்டது. அவர்களில் 48 பேருக்கு மூன்று டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. மூட்டு வலிக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் மாண்டூ டெஸ்டும் (டிபிக்கான தோல் ஊசிப் பரிசோதனை) எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில். உறங்கும் டிபி தெரிந்தால், பெரும்பாலும் ஒரு மாதமாவது அதற்கு மருந்து கொடுத்த பிறகே ஊசியைத் தொடங்குவோம்.

முடக்குவாதத்துக்கே தரும் டோஃபாசிடினிப் மாத்திரை வேறு விதம். ஏற்பியை விட்டுவிட்டு, சேதி செல்லுக்குள் நுழைந்த பிறகு மறிக்கிறது. 'வெறும் மாத்திரைதானே' என்று பல் டாக்டரிடமோ காய்ச்சலுக்குப் பார்க்கும் டாக்டரிடமோ பலர் இதைச் சொல்வதே இல்லை. இதில் அக்கி வரும் வாய்ப்பு கூடுதல். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் கொப்புளமும் கண்டால் அன்றே வாருங்கள். காவி எழுதிக்கொள்வதை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் வைரஸுக்கான மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஐந்தாம் நாள் காவியோடு வருபவர்கள்தான் அதிகம்.