மிடி கேபிளில் ஒலி போவதில்லை

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மேடையானாலும் சரி, பென்னாகரம் பக்கத்து மாரியம்மன் திருவிழாவானாலும் சரி, மெல்லிசைக் குழுவின் பாதி வாத்தியங்கள் அரேஞ்சர் கீபோர்டுக்குள்தான் இருக்கின்றன. இடது கையில் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் தானாக ஓடும்; இந்தத் தானியங்கிப் பின்னணிக்குப் பெயர் ஸ்டைல். வலது கைக்கு மெலடி. நாகஸ்வரமோ வீணையோ வேண்டும்போதுதான் பழைய கீபோர்டின் கையிருப்பு பல்லிளிக்கும். அதற்காகப் புதுசு வாங்க வேண்டியதில்லை. நல்ல டோன்கள் (வாத்திய ஒலிகள்) உள்ள சவுண்ட் மாட்யூல் ஒன்றை இணைத்தால் போதும்.

மாட்யூல் என்பது கட்டைகள் இல்லாத கீபோர்டு. மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசும் மொழிதான் மிடி. இரண்டையும் இணைக்கும் மிடி கேபிளில் ஒலி துளிகூடப் போகாது, கட்டளை மட்டுமே போகும். நடு ‘சி’ கட்டையை அழுத்தினால் மூன்று பைட்டுகள் கிளம்பும்: எந்தச் சேனல் (எந்த வாத்தியத்துக்கான தடம்), 60 என்ற ஸ்வர எண், எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்று 127 வரையிலான ஓர் எண். 1983-ல் வந்த மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். மூன்று பைட்டும் போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லிநொடி. மாட்யூல் தன்னிடம் பதிவாகியிருக்கும் ஒலித்துணுக்கை (சாம்பிள்) எடுத்து ஒலிக்கிறது. அந்த ஒலி தனி ஒயரில் மிக்சருக்குப் போயாக வேண்டும். ‘எல்லாம் மாட்டியும் சத்தமே வரலை’ என்பவர்கள் முதலில் இந்த ஒயரைப் பார்க்கட்டும்.

அரேஞ்சரில் வம்பு சேனலில்தான். ஒரு கேபிளில் 16 சேனல்கள். ஸ்டைலின் டிரம்ஸும் பேஸும் அவற்றில் வெளியே போனால், மாட்யூல் தன் பங்குக்கு இன்னொரு கச்சேரி தொடங்கிவிடும். மெலடிச் சேனலை மட்டும் கேட்கும்படி அதை அமைக்க வேண்டும். டோன் மாற்றும் கட்டளையையும் தடுத்துவிடலாம்; இல்லையென்றால் கீபோர்டில் டோன் மாற்றும்போது மாட்யூலிலும் மாறிவிடும். 1991-ன் ஜெனரல் மிடி 128 டோன்களுக்குப் பொது எண் கொடுத்தது. அதில் சிதார் உண்டு, ஷெனாய் உண்டு, நாகஸ்வரம் இல்லை!

கீபோர்டின் சொந்த டோன் கூடவே கேட்கிறதா? வால்யூமைக் குறைத்தால், பல கீபோர்டுகளில் அதுவும் கட்டளையாகப் போய் மாட்யூலையும் அடக்கிவிடும். கட்டையை அழுத்தினாலும் கீபோர்டு தான் ஒலிக்காமல் கட்டளை மட்டும் அனுப்புவது ‘லோக்கல் ஆஃப்’. மெலடிக்கு மட்டும் அதை வைக்க வசதி இருந்தால் அதுவே சரி.

கமகம் வாசிப்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரமான பெண்ட் வீல் தன் அசைவை 16,384 படிகளாக அனுப்பும். அது எத்தனை ஸ்வர தூரம் என்பதை மாட்யூல் தீர்மானிக்கும். வழக்கம் இருபுறமும் இரண்டு அரைஸ்வரம். மாட்யூலில் 12 என்றிருந்தால், முழுதாகத் தள்ளியதும் ஒரு ஸ்தாயி தாண்டிவிடும். தோடியின் காந்தாரம் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போதைய சின்ன கீபோர்டுகள் பலவற்றில் மிடி கேபிளுக்கான ஐந்து பின் துளை இல்லை, யுஎஸ்பி மட்டும்தான். அந்த யுஎஸ்பி துளை கணினியை எதிர்பார்ப்பது. மாட்யூலை நேராக மாட்ட முடியாது, இடையில் யுஎஸ்பி ஹோஸ்ட் பெட்டி வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைக்கு என் ஓட்டு ஐந்து பின்னுக்கே. உள்வரும் கட்டளை அங்கே ஒளியாக மாறித் தாண்டுகிறது. அதனால் அந்த வழியாக எர்த் இரைச்சல் ஏறாது.