ஆர்கன் குழாயில் கை வைக்கும் முன் துருத்தியைத் திறந்து பாருங்கள்

தென் மாவட்டக் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றிலிருந்து, ஆர்கன் பழுதுபார்க்கும் எனக்கு அழைப்பு வந்தது. "பாமாலைக்கு வாசித்தால் காது வலிக்கிறது. நூறு வருடப் பழசு. குழாய்களை மாற்றிவிடலாமா?" என்று கேட்டார் செயலர்.

நான் முதலில் குழாய்களிடம் போவதில்லை. தண்ணீர் பாதி நிரப்பிய வளைந்த பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் காற்றுப் பெட்டியில் செருகி அழுத்தத்தை அளந்தேன். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் நாலரை அங்குல வித்தியாசம். பெட்டியின் உட்புறம் பென்சிலால் எழுதியிருந்ததோ மூன்று அங்குலம். துருத்தி அறையைத் திறந்தால் காரணம் கண்ணெதிரே கிடந்தது. துருத்தியை அழுத்திக் காற்றைத் தள்ளும் பழைய இரும்பு எடைகளின் பக்கத்தில், சாக்கில் சுற்றிய ஆறு செங்கல்! மின்விசிறி போட்ட காலத்தில் அந்த இரைச்சலுக்கு மேல் ஆர்கன் கேட்கட்டும் என்று யாரோ ஏற்றியிருக்கிறார்கள்.

ஒரே கட்டையை அழுத்திப் பிடித்தபடி, ஆலயப் பணியாளர் கோயில்பிள்ளை அண்ணாச்சியை ஒவ்வொரு கல்லாக எடுக்கச் சொன்னேன். மூன்றாவது கல்லில் கீச்சு அடங்கியது. ஆறாவதில், ஒலி பிறக்கும் முன் குழாய் மெல்ல மூச்சு விடுவதே கேட்டது. "இது வேறு ஆர்கன் மாதிரி இருக்கிறதே" என்றார் அண்ணாச்சி.

எல்லாக் குழாய்களும் அப்படித் திரும்பவில்லை. குழாயின் வாயில் கீழ் உதட்டை ஒட்டிய இடுக்கிலிருந்து கிளம்பும் காற்று, மேல் உதட்டில் மோதித்தான் ஒலியாகிறது. அழுத்தம் கூடினால் அந்த உதடு உயர வேண்டும். செங்கல்லுக்கு ஏற்றபடி ஒரு வரிசைக் குழாய்களின் மேல் உதட்டைக் கத்தியால் வெட்டி உயர்த்தியிருந்தார்கள். இப்போது காற்று சரி, அவை மந்தம். புல்லாங்குழலின் துளையைப் பெரிதாக்கிவிட்டுத் திரும்பச் சிறிதாக்கச் சொல்வது போலத்தான் இது. அதே ஈய, வெள்ளீயக் கலவையில் பட்டை ஒட்டி மறுபடி வெட்டலாம். ஆனால் பழைய உயரம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே.

ஹாம்பர்க் நகரின் புனித யாக்கோபு ஆலயத்து ஆர்கன் இந்தத் தொழிலில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் கருவி. ஆர்ப் ஷ்னிட்கர் என்ற ஜெர்மானிய ஆர்கன் கட்டுநர் 1693இல் முடித்தது. 60 ஸ்டாப் (தனித்தனி ஒலிவகை), சுமார் 4,000 குழாய். 1917இல் முகப்புக் குழாய்களின் வெள்ளீயத்தை முதல் உலகப் போருக்காகப் பறித்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் மற்றக் குழாய்களையும் காற்றுப் பெட்டிகளையும் முன்கூட்டியே கழற்றி ஒளித்து வைத்ததால் அவை தப்பின; 1944 குண்டுவீச்சில் ஆலயம் எரிந்தது. போருக்குப் பின் அவசரமாகச் சேர்த்துக் கட்டியது பழைய குரலைத் தரவில்லை. ஆர்கன் கட்டுநர் யூர்கன் ஆரெண்ட் மறுபடி பிரித்து, 1993இல்தான் அதை மீட்டார். அதன் சுருதி (‘A’ சுரம் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது) இன்றைய 440 இல்லை, சுமார் 495. நவீன வாத்தியங்களோடு ஒத்துப்போகாது என்று தெரிந்தும் அப்படியே விட்டார்கள். நான் வியப்பது அந்தப் பிடிவாதத்தைத்தான்.

ஷ்னிட்கரே தமக்கு முந்தையவர்களின் குழாய்கள் பலவற்றை அதில் சேர்த்துக்கொண்டவர். ஆகவே "ஆதி ஒலி" என்பது எந்த ஆண்டின் ஒலி என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வேலை எடுப்பவரிடம் ஆலயக் குழு கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. அடுத்தது, பிரிக்கும் முன் ஒவ்வொரு குழாயையும் அளந்து எழுதி வைப்பாரா என்பது.

நம் ஊரில் இன்னொரு கேடு மே மாத மதியச் சுருதி. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் குழாயின் சுருதி ஏறக்குறைய மூன்று சென்ட் ஏறும். அரைச்சுரம் நூறு சென்ட். காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால் முப்பது சென்ட். கீபோர்டோடு சேரவில்லை என்று குழாய்களின் மேல் முனையைக் கூம்பு வைத்துத் தட்டிக் குறுக்கி, நெளித்து, கடைசியில் கிழித்தும் விடுகிறார்கள். சாதாரணக் குழாய்கள் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும், அவற்றை விட்டுவிடலாம். அவ்வளவாக நகராதவை, உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழாய்கள்தான். அவற்றின் சுருதிக் கம்பியை லேசாகத் தட்டினால் போதும்.

செங்கற்களுக்கு எண் போட்டு, படம் எடுத்து, ஆர்கனின் பின்புறமே வைத்திருக்கிறேன். வெட்டுப்பட்ட வரிசையில் பதினேழு குழாய்களுக்கு இன்னும் உதடு ஒட்டவில்லை. வெட்டுப்படாத பக்கத்து வரிசையின் அளவுகளை வைத்துக் கணக்கிட்டு வருகிறேன். அது முடியும்வரை அவை மந்தமாகவே ஒலிக்கட்டும் என்று செயலரிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதில் அவ்வளவாகத் திருப்தியில்லை.