டேங்க் கீழே, கார்புரேட்டர் மேலே

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், ஏலத்தில் வாங்கிய கப் கேடட் 124 என்ற பழைய தோட்ட டிராக்டரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பானட்டுக்குள் இருந்த இரும்பு டேங்க் துருப்பிடித்து உட்புறம் செதில் செதிலாக உதிர்ந்ததால், அதைக் கழற்றிவிட்டு இருக்கைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டேங்கைப் பொருத்தினாராம். இஞ்சின் இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கிறது, குழாயிலும் அடைப்பில்லை, பிறகு ஏன் நிற்கிறது என்பது அவருடைய கேள்வி.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960-ல் கப் கேடட் டிராக்டர்களை விற்கத் தொடங்கியபோது, அவற்றில் எரிபொருள் பம்பு என்று ஒன்று இல்லை. டேங்கைக் கார்புரேட்டரைவிட உயரத்தில் வைத்துவிட்டால் மிச்ச வேலையைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்ளும். பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 740 கிராம் என்பதால், 30 சென்டிமீட்டர் உயர வேறுபாடு தருகிற அழுத்தம் சுமார் 2.2 கிலோபாஸ்கல்தான். அந்தச் சிறு அழுத்தமே, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தை நிரப்பப் போதுமானது. டேங்கை இருக்கைக்கு அடியில் இறக்கியதும் கணக்கு தலைகீழாகிறது. கிண்ணத்தில் ஏற்கெனவே இருந்த பெட்ரோல் தீரும் வரை ஓடிய இஞ்சின், அது தீர்ந்ததும் நின்றிருக்கிறது. பெட்ரோல் மட்டம் கார்புரேட்டருக்கு 20 சென்டிமீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொண்டால், அதை மேலேற்றத் தேவைப்படும் அழுத்தம் 1.5 கிலோபாஸ்கலுக்கும் குறைவு. வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. ஆனால் அந்தச் சொற்ப வேலையைச் செய்யவும் ஏதாவது ஒன்று வேண்டும்.

மின்சார பம்பு வாங்கலாம் என்று பலரும் சொல்வார்கள். கார்களுக்கான பம்பின் அழுத்தம் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற மிதவை ஊசியையே தள்ளித் திறந்துவிடக்கூடும் என்பதோடு, இஞ்சின் நின்ற பிறகும் சாவி திறந்திருக்கும் வரை அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சூடான சைலன்ஸருக்குப் பக்கத்தில் அது நல்லதல்ல. என் ஓட்டு, கம்பியும் மோட்டாரும் இல்லாமல் இஞ்சினின் மூச்சிலேயே ஓடுகிற பல்ஸ் பம்புக்குத்தான்.

இந்த டிராக்டரில் இருக்கும் கோலர் கே-301 இஞ்சின் ஒற்றை சிலிண்டர் கொண்டது. 476 சிசி, 12 குதிரைத்திறன். பிஸ்டனுக்கு மேலே நடக்கும் வெடிப்பைப் பற்றித்தான் பள்ளியில் படித்திருக்கிறோம். பிஸ்டனுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பிஸ்டன் கீழே வரும் ஒவ்வொரு முறையும், அதற்கு அடியில் உள்ள மூடிய அறையான கிராங்க்கேஸுக்குள் இருக்கும் காற்றின் இடம் 476 கன சென்டிமீட்டர் குறைகிறது, மேலே போகும்போது அதே அளவு கூடுகிறது. நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடும்போது, நொடிக்கு 60 முறை அந்தக் காற்று இறுகித் தளர்கிறது. கிராங்க்கேஸின் பிரீதர் வால்வு காற்றை வெளியே மட்டும் விடுவதால் உள்ளே சராசரி அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்றாலும், பம்புக்கு வேண்டியது சராசரி அல்ல, ஏற்ற இறக்கம்.

பழுதான பல்ஸ் பம்பு ஒன்றைப் பிரித்து மேசையில் பரப்பியபோது, கையளவுகூட இல்லாத அந்தப் பெட்டிக்குள் சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லாததைப் பார்த்து வியந்திருக்கிறேன். நடுவே மெல்லிய சவ்வு. அதன் ஒருபுறம் கிராங்க்கேஸ் காற்று, மறுபுறம் பெட்ரோல். பெட்ரோல் பக்கத்தில் நகத்தளவு உள்ள இரண்டு மடல்கள், ஒன்று உள்ளே மட்டும் திறக்கும், மற்றது வெளியே மட்டும் திறக்கும். பிஸ்டன் மேலேறும்போது சவ்வு காற்றுப் பக்கம் இழுபட, உள்மடல் திறந்து பெட்ரோல் வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது சவ்வு மறுபக்கம் தள்ளப்பட, உள்மடல் மூடி வெளிமடல் திறக்கிறது. நம் தெரு அடிபம்பின் வாஷரும் வால்வும் செய்கிற அதே வேலைதான், கைப்பிடியை அடிக்கிறவர் மட்டும் பிஸ்டன். முழுச் சுமையில் இஞ்சின் மணிக்கு 4 லிட்டர் குடிப்பதாகக் கொண்டால், ஒரு துடிப்புக்குச் சேர வேண்டிய பெட்ரோல் 0.02 மில்லிலிட்டருக்கும் குறைவு, அதாவது அரைச் சொட்டுக்கும் குறைவு. கிண்ணம் நிறைந்து ஊசி மூடிக்கொண்டால், தள்ள இடமில்லாமல் சவ்வு சும்மா அதிர்ந்துகொண்டிருக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தனிக் கருவி வேண்டாம். இஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். (எல்லா இஞ்சினிலும் இந்தத் துடிப்பு கிடைக்காது. இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஒன்று ஏற ஒன்று இறங்கும் இஞ்சினில், கிராங்க்கேஸ் பொதுவாக இருந்தால், துடிப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒற்றை சிலிண்டரின் குலுக்கலைக் குறை சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.)

துடிப்பை எங்கிருந்து எடுப்பது? கே வரிசை இஞ்சின் பிளாக்குகள் சிலவற்றில் மெக்கானிக்கல் பம்பு பொருத்துவதற்கான இடம், தகடு போட்டு மூடப்பட்டிருக்கும். அந்தத் தகட்டைக் கழற்றித் துளையிட்டு, குழாய் மாட்ட ஒரு நிப்பிள் பொருத்தலாம். அங்கிருந்து பம்புக்குப் போகும் குழாய் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். நீளமான மெல்லிய ரப்பர் குழாய் தானே உப்பிச் சுருங்கித் துடிப்பை விழுங்கிவிடும். நிப்பிளைவிடப் பம்பு உயரத்தில் இருந்தால், குழாய்க்குள் தெறித்த ஆயில் தானாக வழிந்து இறங்கிவிடும். பம்பை டேங்குக்கு அருகில் வைத்தால் உறிஞ்சும் தூரம் குறையும் என்பதும் உண்மைதான். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் சூடான பெட்ரோல் அங்கே எளிதில் ஆவியாகிக் குமிழிவிடும். இரண்டு பக்கமும் இழுபறி என்றாலும், துடிப்புக் குழாய்க்கே நான் முன்னுரிமை தருவேன்; பெட்ரோல் குழாயைச் சைலன்ஸரிலிருந்து விலக்கிக் கொண்டுபோனால் மற்றது சமாளிக்கக்கூடியது. இப்படிக் குமிழிகள் பெட்ரோலை மறிக்கும் ஆவி அடைப்புக்கு மருந்தாகப் பெட்ரோல் குழாயில் மரத்தாலான துணி கிளிப்புகளை வரிசையாக மாட்டும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. இஞ்சின் ஆறுகிற நேரத்தில் கிளிப்புக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று நம் ஊரில் விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. அந்தக் காசில் பள்ளி ஆய்வகத்துக்கு இப்படி ஒரு பம்பு வாங்கித் தரலாம்.

டேங்கின் மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது. துளை இல்லையென்றால் பெட்ரோல் வெளியேற வெளியேற டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, சிறிது நேரத்தில் பம்பு தோற்றுப்போகும். மூடியைத் திருகும்போது "உஸ்" என்று காற்று உள்ளே பாய்ந்தால் அதுதான் நோய். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாயை மீண்டும் பயன்படுத்தவும் கூடாது.

இந்தப் பம்புக்கு ஒரு குறை உண்டு. சவ்வு கிழிந்தால், பெட்ரோல் துடிப்புக் குழாய் வழியாகவே கிராங்க்கேஸுக்குள் போய் ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். எனவே வாசகர் டிராக்டரைக் கிளப்பும் முன் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பார்க்கட்டும்; ஆயில் மட்டம் போன வாரத்தைவிட உயர்ந்து, பெட்ரோல் வாடையும் வீசினால், அன்றைக்குச் சாவியைத் திருகக் கூடாது.