முன்னுரு: புரோட்டோடைப்புக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

தமிழில் ‘மாதிரி’ என்ற சொல்லுக்கு வேலை மிக அதிகம். ‘அவனை மாதிரி’ என்றால் ஒப்புமை. ‘மாதிரி வினாத்தாள்’ என்றால் எடுத்துக்காட்டு. ‘தண்ணீர் மாதிரி எடுத்தார்கள்’ என்றால் மொத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சிறு பகுதி. இத்தனையும் சுமக்கும் சொல்லையே வடிவமைப்புத் தொழில்நுட்ப வகுப்பில் மாடல் (விகிதத்தையும் வடிவத்தையும் காட்டும் உரு), மாக்-அப் (தோற்றத்தை மட்டும் காட்டுவது), புரோட்டோடைப் (முடிவான பொருளுக்கு முன் சோதித்துப் பார்க்கச் செய்வது) மூன்றுக்கும் போட்டுவிடுகிறோம். அதனால்தான் வழவழப்பாகத் தேய்த்து, வண்ணம் பூசி, எதையும் சோதிக்காத ஒரு பொருள் புரோட்டோடைப் என்ற பெயரில் மேசைக்கு வருகிறது.

புரோட்டோடைப்பின் வேர் கிரேக்கம். ‘புரோட்டோஸ்’ என்றால் முதலாவது. ‘டைபோஸ்’ என்றால் அடித்துப் பதித்த தடம். அச்செழுத்தைக் குறிக்கும் ‘டைப்’ பிறந்ததும் இதிலிருந்துதான். தமிழின் ‘அச்சு’ இதற்கு மிக நெருக்கம்: உலோகம் வார்ப்பதற்கும் அச்சு, எழுத்துப் பதிவதற்கும் அச்சு, பிள்ளை தகப்பனை உரித்து வைத்திருந்தால் ‘அச்சு அசல்’. ‘மாடல்’ வேறு வழியில் வந்தது. லத்தீனில் அளவைக் குறிக்கும் ‘மோடுஸ்’, அதிலிருந்து ‘சிறிய அளவு’ என்ற பொருளில் வந்த ‘மோடுலுஸ்’, பிறகு இத்தாலி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். ஆக, மாடல் என்ற சொல்லுக்குள் அளவு இருக்கிறது. புரோட்டோடைப்புக்குள் ‘இதற்குப் பின்னால் இன்னும் வரப்போகின்றன’ என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது.

தமிழில் இப்போது பரவலாக வழங்குவது ‘முன்மாதிரி’. தவறில்லை. ஆனால் ‘முன்மாதிரி ஆசிரியர்’, ‘முன்மாதிரியாக வாழ்ந்தவர்’ என்று பின்பற்றத்தக்க சிறப்பைச் சொல்லவே மக்கள் அதை எடுக்கிறார்கள். புரோட்டோடைப்போ பெரும்பாலும் பின்பற்றக் கூடாததைக் காட்டிக்கொடுப்பதற்காகச் செய்யப்படுவது. ‘முதலுரு’ என்பாரும் உண்டு. இலங்கைத் தமிழ் உயிரியல் பாடநூல்களில் அது புரோட்டோபிளாசம், அதாவது உயிரணுவுக்குள் இருக்கும் உயிர்ப்பொருள். தவிர, ‘முதல்’ என்றால் ஒன்றே ஒன்றுதான் என்று ஆகிவிடும். ‘முன்னுரு’ என்றால் முடிவான பொருளுக்கு முன் வரும் உரு. அது ஒன்றாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். எனவே எங்கள் பரிந்துரை: மாடலுக்கு மாதிரியுரு, மாக்-அப்புக்குத் தோற்ற மாதிரி, புரோட்டோடைப்புக்கு முன்னுரு.

மூன்றையும் பிரிப்பது எவ்வளவு அழகாக முடித்திருக்கிறோம் என்பதல்ல, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதே. கைபேசியை நிறுத்திவைக்கும் ஒரு தாங்கியை எடுத்துக்கொள்வோம். கைபேசி 150 மி.மீ. உயரம், 200 கிராம் எடை. மேசையோடு 60 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது. அதன் எடை மையம் கீழ் விளிம்பிலிருந்து பின்பக்கமாக 37.5 மி.மீ. தள்ளி விழும். தாங்கியின் அடிப்பகுதி விளிம்புக்குப் பின்னால் 45 மி.மீ. நீண்டிருந்தால் நிற்கும்; பார்க்கவும் கச்சிதமாக இருக்கும். தோற்ற மாதிரி அத்தோடு தேறிவிடும். ஆனால் திரையின் உச்சியில் விரலால் தட்டிப் பாருங்கள். தாங்கியின் சொந்த எடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 12 கிராம் எடைக்குச் சமமான அழுத்தத்திலேயே பின்னால் சாயும். அடியை 110 மி.மீ. ஆக்கினால் ஏறத்தாழ 150 கிராம் வரை தாங்கும். உண்மையான கைபேசியை வைத்து, உண்மையான விரலால் தட்டிச் சோதித்த அழுக்கு அட்டைத் துண்டு முன்னுரு. வண்ணம் பூசிய அந்த 45 மி.மீ. அழகன் முன்னுரு அல்ல.

சிறிதாக்கிச் செய்யும் மாதிரியுருவில் இன்னொரு பொறி உண்டு. 1:10 அளவில் ஒரு பெஞ்சு செய்தால் அதே பொருளில் எடை ஆயிரத்தில் ஒன்றாகும்; கால்களின் குறுக்குவெட்டுப் பரப்போ நூறில் ஒன்றுதான் ஆகும். சொந்த எடையைத் தாங்குவதில் சிறியது பத்து மடங்கு வசதியாக இருக்கிறது. இதை 1638இல் வெளியான நூலிலேயே கலிலியோ விளக்கிவிட்டார். மாதிரியுரு விகிதத்தையும் வடிவத்தையும் சொல்லும். உறுதியைப் பற்றி அதனிடம் கேட்கக் கூடாது. கேட்பதானால் முழு அளவில், உண்மையான பொருளில், குறைந்தது கால் சேரும் அந்த ஒரு இணைப்பையாவது செய்து எடை ஏற்ற வேண்டும்.

பொருள் மாறும்போது முன்னுருவும் பொய் சொல்லும். 3 மி.மீ. நெளி அட்டையில் 3 மி.மீ. காடி (இன்னொரு துண்டைச் செருகும் பிளவு) வெட்டினால் பிடித்து நிற்கும், ஏனென்றால் அட்டை அமுங்கிக் கொடுக்கும். அதே வரைபடத்தை, அமுங்காத பிளாஸ்டிக் தகடான அக்ரிலிக்கில் லேசரால் வெட்ட அனுப்பினால் லொடலொடவென்று ஆடும். லேசர் வெட்டும்போதே 0.1 முதல் 0.2 மி.மீ. வரை பொருளை எரித்துவிடுகிறது, ‘3 மி.மீ.’ என்று வாங்கிய தகடோ அளந்தால் 2.8 ஆகவும் இருக்கலாம். காலிப்பர் என்ற துல்லிய அளவுக் கருவியால் தகட்டை நாலைந்து இடத்தில் அளந்து, அதிலிருந்து லேசர் எரிக்கும் வெட்டு அகலத்தைக் கழித்து வரையுங்கள்: 2.8 தகடு, 0.15 வெட்டு என்றால் காடி 2.65. அதற்கும் முன் ஒரு சிறு துண்டில் 2.5 முதல் 3.0 வரை 0.1 இடைவெளியில் சீப்புப் பல் போல ஆறு காடிகள் வெட்டி, எது இறுக்கமாக அமர்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஒரு முழுத் தகடு மிச்சம்.

உருகிய பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காகப் படியவைக்கும் முப்பரிமாண அச்சில் எடுப்பவர்கள் அடுக்கின் திசையை மறக்கிறார்கள். கொக்கியை நிமிர்த்திவைத்து அச்சிட்டால் அடுக்குகளுக்கு இடையே பட்டென்று பிளந்துவிடும். படுக்கவைத்து அச்சிட்டால் இழை கொக்கியின் வளைவைப் பின்தொடர்ந்து ஓடும், எளிதில் உடையாது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பாகங்களுக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விட்டுத் தொடங்கலாம்.

‘முன்னுரு’வைப் பெயராக மட்டும் வைத்துக்கொள்ளாமல் ‘முன்னுருவாக்கம்’, ‘முன்னுருவாக்கினோம்’ என்றும் எழுதலாம். ‘மாடலிங்’ என்றால் உடையலங்கார மேடை நினைவுக்கு வருகிறதே, அந்தக் குழப்பம் இதில் இல்லை. கோப்பில் ‘முன்னுரு 1’, ‘முன்னுரு 2’ என்று எண்ணிட்டு, ஒவ்வொன்றின் கீழும் தேதி, கேட்ட கேள்வி, முந்தையதிலிருந்து மாற்றிய ஒரே ஒரு அளவு, கிடைத்த விடை என்று நான்கு வரி எழுதுங்கள். உடைந்ததையும் தூக்கி எறியாமல் எண்ணோடு கட்டிவையுங்கள்; எந்த இடத்தில் பிளந்தது என்பது படத்தைவிட உடைந்த துண்டிலேயே தெளிவாகத் தெரியும்.